பதினைந்து வருஷ இடைவெளிக்குப் பிறகு ஒரு ஆல்பம்: ஸ்ட்ரைப்பரின் 'ரீபார்ன்', ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தக் குழு

பிரிந்துபோன குழு மறுபடி சேர்ந்து ஆல்பம் போடும்போது எது சரியாக நடக்கும், எது கோணலாகப் போகும் என்று பார்க்க ஸ்ட்ரைப்பரை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டியிலிருந்து வந்த கிறிஸ்தவ மெட்டல் குழு. 1990-ல் ஒரு ஆல்பம், அதற்கடுத்த முழுப் புது ஆல்பம் 2005-ல், நடுவில் பதினைந்து வருஷம். அந்த 2005 ஆல்பத்தின் பெயர் 'ரீபார்ன்', அதாவது மறுபடியும் பிறந்தது. அது எப்படி உருவானது, எந்த முடிவை ஏன் எடுத்தார்கள், அதன் பிறகு என்ன ஆயிற்று என்பதை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஆட்களின் பெயரைப் போடவில்லை. பாடகர், டிரம்மர், கிடாரிஸ்ட், பேஸிஸ்ட் என்றே போகிறேன். பாடகரும் டிரம்மரும் அண்ணன் தம்பி, டிரம்மர் மூத்தவர். பாடகரும் கிடார் வாசிப்பார், அதனால் குழுவில் கிடார் எப்போதும் இரண்டு. இந்த இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பின்னணி: மஞ்சளும் கறுப்பும் (1983–1988)

குழு முதலில் வேறு பெயரில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துக் கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்தது. அண்ணன் தம்பி வீட்டில் 70-களின் நடுவில், தொலைக்காட்சியில் ஒரு பிரசங்கியாரைப் பார்த்து குடும்பமே இரட்சிக்கப்பட்டதாகச் சொல்வார்கள். அப்புறம் பையன்கள் விலகிப் போனார்கள், ராக் பக்கம் திரும்பினார்கள். 1983-ல் ஒரு நண்பர் வந்து பேசியதன் பேரில் ஒத்திகை நடக்கும் இடத்திலேயே ஜெபித்து, இனி இந்த இசை ஆண்டவருக்குத்தான் என்று முடிவெடுத்தார்கள். பாட்டுகளின் வரிகள் மாறின, பெயரும் மாறியது.

புதுப் பெயரில் ஒரு சிலேடை இருக்கிறது, அது தமிழில் வேதம் படிக்கிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. ஏசாயா 53:5-ல் 'அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்' என்று நமக்கு வருகிற இடத்தில், பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் இருக்கும் சொல் 'ஸ்ட்ரைப்ஸ்'. அதற்குச் சவுக்கடித் தழும்பு என்றும் அர்த்தம், துணியில் ஓடும் கோடு என்றும் அர்த்தம். அதைப் பிடித்துக்கொண்டு உடை, கிடார், டிரம்ஸ் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் மஞ்சள் கறுப்புக் கோடு போட்டுவிட்டார்கள். குழுவின் எழுத்துச் சின்னத்துக்குக் கீழே அந்த வசன எண்ணும் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் நாலு தேனீ மேடையில் நிற்பது போல இருக்கும். சிரிப்பு வந்தாலும் ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

மேடையிலும் தனிப் பழக்கங்கள். டிரம்மர் கூட்டத்தைப் பார்த்து உட்காரமாட்டார். டிரம்ஸையே பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொள்வார், கையும் காலும் எப்படி ஓடுகின்றன என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமாம். நிகழ்ச்சியின்போது புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களை எடுத்துக் கூட்டத்துக்குள் எறிவார்கள். இந்த எறிதல்தான் சபைக்காரர்களுக்கு ஆத்திரமூட்டியது. பன்றிகள்முன் முத்துக்களைப் போடுகிறார்கள் என்று ஒரு பிரசங்கியார் கண்டித்தார். சின்ன வயதில் அண்ணன் தம்பி வீட்டுத் தொலைக்காட்சியில் பேசியவரும் அவரேதான்.

1984-ல் சின்ன அளவில் ஒரு வெளியீடு, 1985-ல் முதல் முழு ஆல்பம், 1986-ல் 'டு ஹெல் வித் த டெவில்'. சாத்தானை நரகத்துக்கு அனுப்பும் தலைப்பு அது. ஆனால் பாதிப் பேர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு வேறு மாதிரி நினைத்துக்கொண்டார்கள். தேவதூதர்கள் சாத்தானைக் குழிக்குள் தள்ளும் முதல் அட்டைப் படம் பிரச்சினையாகி, வெறும் கறுப்பு அட்டை வந்தது. ஆல்பம் அமெரிக்காவில் பிளாட்டினம் ஆயிற்று, அதாவது பத்து லட்சம் பிரதி. அதிலிருந்த 'ஹானஸ்ட்லி' என்கிற மெதுவான பாட்டு பில்போர்டின் நூறு பாட்டுப் பட்டியலில் 23-ஆம் இடம் வரை போனது. எம்டிவியில் பிள்ளைகள் போன் போட்டுக் கேட்கும் வரிசையிலும் இவர்கள் வந்தார்கள். ஒரு கிறிஸ்தவ மெட்டல் குழு அந்த உயரத்துக்குப் போனது அதுவரை நடக்காதது. 1988-ன் 'இன் காட் வி ட்ரஸ்ட்' கோல்டு ஆனது, அதாவது ஐந்து லட்சம் பிரதி, ஆனால் முந்தையதன் அளவுக்குப் போகவில்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1986 ஆல்பத்தில் பேஸ் வாசித்தவர் குழுவின் பேஸிஸ்ட் இல்லை. அந்தச் சமயம் அவர் விலகியிருந்தார், ஸ்டூடியோவுக்கு வேறு ஒருவர் வந்து வாசித்தார், ஆல்பம் வரும் நேரத்தில் இவர் திரும்ப வந்து மேடையிலும் படங்களிலும் நின்றார். "அசல் நால்வர்" என்று ரசிகர்கள் உருகுகிறார்களே, அந்த அசல் நால்வரின் மிகப் பெரிய ஆல்பத்தில் கேட்பது மூன்று பேர்தான்.

முறிவு (1990–1992)

1990-ல் வந்த 'அகெய்ன்ஸ்ட் த லா' வேறு முகம். மஞ்சள் கறுப்பு போயிற்று. தோல் ஜாக்கெட், தாடி, சாதாரண ஹார்ட் ராக் குழுவின் தோற்றம். வரிகளில் ஆண்டவர் பெயர் நேரடியாக இல்லை. ஒரு பழைய ஃபங்க் பாட்டையும் எடுத்துப் பாடியிருந்தார்கள். அந்தச் சமயம் குழுவுக்குள் குடி புகுந்திருந்ததை அவர்களே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. வாசிப்பு என்று பார்த்தால் அந்த ஆல்பம் அவர்களுடைய பழைய ஆல்பங்களிலேயே கெட்டியானது என்பது என் எண்ணம், இரண்டு கிடாரும் அவ்வளவு தெளிவாகப் பேசும். ஆனால் விசுவாசி ரசிகருக்குச் செய்தி காணாமல் போயிருந்தது, மற்ற ரசிகருக்கோ இது "அந்த பைபிள் எறியும் குழு" என்ற எண்ணம் போகவில்லை. பழையவர்கள் கோபித்துக்கொண்டார்கள், புதியவர்கள் வரவில்லை. ஆல்பங்களை வெளியிட்டுக்கொண்டிருந்த நிறுவனமான லேபிளும் நொடித்துப் போனது. 1991-ல் வேறு லேபிளில் இரண்டு புதுப் பாட்டு சேர்த்து ஒரு தொகுப்பு வந்தது, அதே வருஷம் நிர்வாணா என்கிற ராக் குழுவும் வந்து, நீள முடியும் பளபள உடையுமாக இருந்த எண்பதுகளின் மொத்தத் தலைமுடி ராக்கையும் ஓரம் கட்டியது. 1992 தொடக்கத்தில் பாடகர் விலகினார். மற்ற மூவரும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தார்கள், நடக்கவில்லை.

இடைப்பட்ட வருடங்களைச் சீக்கிரம் கடக்கலாம். பாடகர் தனி ஆல்பங்கள் போட்டார், கிறிஸ்தவச் சந்தையில் நல்ல பெயர். பிறகு மாசசூசெட்ஸ் பக்கம் குடிபோனார், அங்கே மனைவி வீட்டாருக்கு கிரான்பெர்ரி தோட்டம் இருந்தது. கிடாரிஸ்டும் பேஸிஸ்டும் சேர்ந்து ஒரு குழு, டிரம்மர் தனியாக வேறு குழு. யாரும் பெரிதாக மேலே வரவில்லை.

மேடைக்குத் திரும்பியபோது கவனித்தவை (2000–2004)

2000-ல் நியூ ஜெர்சியில் ரசிகர்கள் கூடிய ஒரு நிகழ்ச்சியில் நால்வரும் மறுபடி ஒரே மேடையில் நின்றார்கள். அப்போது ஆல்பம் பற்றி யாரும் பேசவில்லை. 2003-ல் பழைய பாட்டுகளின் சிறந்த தொகுப்பு ஒன்றை லேபிள் கொண்டுவந்தபோது இரண்டு புதுப் பாட்டைப் பதிவு செய்து சேர்த்தார்கள், கூடவே அமெரிக்கா முழுக்க ஏழு வாரச் சுற்றுப்பயணம். அந்தப் பயணத்தின் நேரடிப் பதிவு 2004-ல் ஆல்பமாகவும் வந்தது.

இந்தப் பயணம்தான் குழுவுக்குக் கிடைத்த ஒரே உண்மையான தகவல். அதிலிருந்து தெரிந்தது இரண்டு. கேட்க ஆள் இருக்கிறது, அதுவும் பத்து வருஷத்துக்கு மேல் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்த குழுவுக்கு. இன்னொன்று, அந்த ஆள் வந்தது பழைய பாட்டுக்காக. நேரடி ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள், எண்பதுகளின் பாட்டு தொடங்கும்போதெல்லாம் அரங்கத்தின் சத்தமே மாறும்.

இதற்கு இரண்டு அர்த்தம் கொடுக்கலாம். "இவர்களுக்கு அந்த மாதிரி இசைதான் வேண்டும், அதையே புதிதாக எழுதுவோம்" என்று எடுத்துக்கொள்ளலாம். "இவர்கள் வருவது ஞாபகத்துக்காக, ஞாபகத்தை நம்பி ஆல்பம் போட முடியாது, புது ஆளைப் பிடிக்க வேண்டும்" என்றும் எடுத்துக்கொள்ளலாம். குழு இரண்டாவது வழியில் போனது. எடுத்தவுடனே அதைத் தப்பு என்று சொல்லிவிட முடியாது, காரணம் கீழே.

2004-ல் பேஸிஸ்ட் குழுவில் இல்லாமல் ஆனார், புது ஆள் சேர்ந்தார். அதாவது புது ஆல்பத்துக்குள் நுழையும்போதே நால்வரில் மூவர்தான் மிச்சம்.

2005: எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

பெரிய முடிவு, வெளியில் இருந்து பார்த்தால் முடிவு மாதிரியே தெரியாத ஒன்று: 'ரீபார்ன்' பாட்டுகள் பாடகர் தன் தனி ஆல்பத்துக்காகச் செய்து வைத்திருந்தவற்றிலிருந்து வந்தவை. அவர் எழுதினார், அவர் டெமோ (மாதிரிப் பதிவு) செய்தார், பிறகு அது ஸ்ட்ரைப்பர் பெயருக்கு மாறியது. ஏன் என்பது புரியக்கூடியதுதான். தனியாக அவர் பெயரில் வந்தால் கிறிஸ்தவக் கடை அலமாரியோடு நிற்கும். ஸ்ட்ரைப்பர் பெயரில் வந்தால் அதுவே செய்தி, பயணத்துக்கும் காரணம் கிடைக்கும், லேபிளுக்கும் விற்கத் தெரியும். புது லேபிள் வந்தது, 2005 ஆகஸ்ட் 16 அன்று ஆல்பம் வெளியானது.

அடுத்தது சத்தம். கிடாரின் சுருதியைக் கீழே இறக்கி, ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கை, கனமாகவும் வறட்சியாகவும் வைத்து, கிடார் தனித்து வாசிக்கும் சோலோக்களைக் குறைத்து, பாடகர் தன் பெயர் பெற்ற அந்த உச்சக் கூவலை அநேகமாக வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த மாதிரிப் பாடினார். 2005-ஐ நினைத்துப் பார்த்தால் இதற்கும் காரணம் உண்டு. 2001-ல் சான் டியேகோவின் பி.ஓ.டி. என்கிற கிறிஸ்தவக் குழு தன் ஆல்பத்தைப் பல லட்சம் விற்றிருந்தது, 2003-க்குப் பிறகு ஸ்விட்ச்ஃபுட் என்கிற இன்னொரு குழு எல்லா வானொலியிலும் ஓடிக்கொண்டிருந்தது. கிறிஸ்தவக் குழு எம்டிவியில் வருவது அதிசயமாக இல்லாமல் போயிருந்தது, ஆனால் வந்தவர்கள் யாரும் எண்பதுகளின் மாதிரி இசைக்கவில்லை. எண்பதுகளின் மெட்டலோ அந்தச் சமயம் கேலிப் பொருள், மேடையில் இறுக்கமான உடை போட்டால் நகைச்சுவைக் குழு என்று நினைப்பார்கள். நாற்பதைத் தாண்டிய மனிதர்கள் கேலிக்கு ஆளாகாமல் இருக்க வேண்டும் என்று யோசித்ததில் என்ன தப்பு?

வரிகள் விஷயத்தில் மட்டும் தயக்கமே இல்லை. 1990-ல் மறைத்ததை இந்த முறை மறைக்கவில்லை. தலைப்பே, மறுபடியும் பிறக்க வேண்டும் என்று இயேசு சொல்லும் யோவான் 3-ஐ நினைவுபடுத்துகிறது, ஆல்பம் முழுக்க விசுவாசத்தை நேராகப் பேசுகிறது. 1990-ல் கற்ற பாடம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதோடு ஒரு பாலம் போட்டார்கள். ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, 1988-ன் 'இன் காட் வி ட்ரஸ்ட்' பாட்டையே புது உடுப்பில் மறுபதிவு செய்தது, பெயரை மட்டும் முதல் எழுத்துகளாகச் சுருக்கி 'ஐ.ஜி.டபிள்யூ.டி.' என்று வைத்தார்கள். பழைய ரசிகருக்கு ஒரு கை குலுக்கல்.

கேட்கும்போது என்ன தெரிகிறது

இந்தக் கடைசிப் பாட்டுதான் ஆய்வுக்கு ரொம்ப வசதி, ஏனென்றால் பாட்டு ஒன்று, பதிவு இரண்டு, நடுவில் பதினேழு வருஷம். நான் இரண்டையும் மாற்றி மாற்றி ஹெட்போனில் ஒரு சாயங்காலம் முழுக்கக் கேட்டேன். 1988 பதிவில் 'இன் காட் வி ட்ரஸ்ட்' என்ற வரி வரும் இடத்தில் ஒரு ஆள் பாடுவதாகவே தெரியாது, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி அடுக்கி வைத்த குரல் கூட்டம், சபை முழுக்க எழுந்து நின்று பாடுவது போல. கிடார்களும் அப்படித்தான், ஒன்று ச-வில் நின்றால் மற்றது க-வில் நிற்கும், இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏறி இறங்கும். ஸ்ட்ரைப்பரை இருட்டில் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் இந்த இரண்டு போதும்: அடுக்கிய குரல், கைகோத்த கிடார்.

2005 பதிவில் பாட்டு அதேதான், வார்த்தை அதேதான். சத்தம் கனமாக, கீழே, நெருக்கமாக இருக்கிறது. மோசம் என்று சொல்லமாட்டேன், ஒரு விதத்தில் தசைப்பிடிப்போடு நன்றாகவே இருக்கிறது. ஆனால் யார் வாசிக்கிறார்கள் என்று சொல்லாமல் ஒருவரிடம் போட்டுக் காட்டினால், அந்த வருஷங்களில் வந்த பத்துக் குழுக்களில் ஏதோ ஒன்று என்றுதான் சொல்லுவார்.

அதற்கு முந்தின பாட்டு '10,000 இயர்ஸ்' எனக்குப் பிடித்தது. 'அமேசிங் கிரேஸ்' கீர்த்தனையைப் பிடித்துச் செய்தது. அந்தக் கீர்த்தனையின் கடைசிச் சரணத்தில், அங்கே போய்ப் பத்தாயிரம் வருஷம் ஆன பிறகும் துதிக்க நாள் ஒன்றும் குறையாது என்று வருமே, தலைப்பு அதிலிருந்து. எல்லா ஆலயத்திலும் தேய்ந்துபோன கீர்த்தனையைக் கனமான கிடாருக்குக் கீழே வைக்கும்போது பழைய வார்த்தைக்கு ஒரு பாரம் வருகிறது. புதுச் சத்தம் வேலை செய்த இடம் என்று இதைக் காட்டுவேன். 'வென் டிட் ஐ சீ யூ க்ரை' தலைப்பைப் பார்த்ததும் மத்தேயு 25 நினைவுக்கு வருகிறது, 'ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைக் கண்டோம்' என்று நீதிமான்கள் கேட்கும் இடம்.

மொத்தத்தில் நான் பார்த்தது இது. 1990-ல் செய்தியை மறைத்துவிட்டு வாசிப்பை வைத்துக்கொண்டார்கள். 2005-ல் செய்தியைத் திரும்பக் கொண்டுவந்து வாசிப்பை மறைத்துவிட்டார்கள். செய்திதான் உயிர், சத்தம் வெறும் சட்டை, எந்தக் காலத்துக்கு எந்தச் சட்டையோ அதைப் போட்டுக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. வேதத்தின் நோக்கில் அது நியாயம்கூட. ஆனால் இந்தக் குழு சட்டையால்தான் பெயரே எடுத்தது, மஞ்சள் கறுப்புச் சட்டை!

பிறகு நடந்தது (2006–2011)

ஆல்பம் தோல்வி என்று சொல்ல முடியாது. குழு உயிரோடு இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தது, பயணங்கள் நடந்தன. ஆனால் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். தைரியமான ஆல்பம் என்று ஒரு பக்கம், இது பாடகரின் தனி ஆல்பம், மேலே குழுவின் பெயரை ஒட்டியிருக்கிறார்கள் என்று இன்னொரு பக்கம். இரண்டாவது குற்றச்சாட்டில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று மேலே பார்த்தோம்.

2007-ல் குழு என்ன வெளியிட்டது பாருங்கள்: ஸ்ட்ரைப்பர் என்ற பெயர் வருவதற்கு முந்தின பழைய பெயரில் செய்த டெமோக்கள். புது முகத்தோடு வந்து இரண்டே வருஷத்தில், இருப்பதிலேயே பழைய முகத்தை எடுத்துக் காட்டினார்கள். இதை ஒரு திட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எது விலைபோகும் என்று அதற்குள் அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

அதே வருஷம் பாஸ்டன் குழுவின் பாடகர் இறந்தார். அஞ்சலி நிகழ்ச்சியில் பாடப்போன நம் பாடகர் 2008 பயணத்தில் அந்தக் குழுவோடேயே பாடினார். அடுக்கிய குரலும் இணைந்து ஏறும் கிடாரும் என்றால் எழுபதுகளில் பாஸ்டன்தான் பள்ளிக்கூடம். அடுத்த ஸ்ட்ரைப்பர் ஆல்பம் 'மர்டர் பை பிரைட்' 2009 ஜூலையில் வந்தபோது கிடார் சோலோக்கள் திரும்பி வந்திருந்தன, பாஸ்டனின் ஒரு பாட்டும் இருந்தது, அதில் பாஸ்டனின் நிறுவனரே வந்து கிடார் வாசித்திருந்தார். அந்த வருஷம் மார்ச்சில்தான் பாடகரின் மனைவி புற்றுநோயில் இறந்திருந்தார். ஆல்பத்தைக் கேட்கும்போது இது தெரிந்திருந்தால் சில இடங்கள் வேறு மாதிரி கேட்கும்.

அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தது குழுவின் டிரம்மர் இல்லை, ஸ்டூடியோவுக்கு வந்த பிரபலமான வேறு ஒருவர். அண்ணன் குழுவில்தான் இருக்கிறார், பதிவில் இல்லை. 1986-ல் பேஸுக்கு நடந்தது 2009-ல் டிரம்ஸுக்கு. ஆனாலும் பலர் காதுக்கு இது 'ரீபார்னை' விட ஸ்ட்ரைப்பராக இருந்தது, என் காதுக்கும்தான். அப்படியென்றால் குழுவின் அடையாளம் யார் வாசிக்கிறார்கள் என்பதில் மட்டும் இல்லை. மேடைக்கு மட்டும் முகம் முக்கியம்: அதே வருஷம் இருபத்தைந்தாம் ஆண்டுப் பயணத்துக்குப் பழைய பேஸிஸ்டும் திரும்பினார்.

2011-ல் வந்த 'த கவரிங்' முழுக்க மற்றவர்கள் பாட்டு. பிளாக் சாபத், ஜூடாஸ் பிரீஸ்ட், அயர்ன் மெய்டன், ஸ்கார்ப்பியன்ஸ், டீப் பர்ப்பிள், லெட் செப்பலின் என்று பன்னிரண்டு, கடைசியில் சொந்தமாக ஒன்று. பிளாக் சாபத் பாட்டைக் கிறிஸ்தவக் குழு பாடலாமா என்று ஒரு சலசலப்பு எழுந்தது, அதை விடுங்கள். இந்தக் கதைக்கு முக்கியம், நால்வரும் தாங்கள் இளவயதில் கேட்டு வளர்ந்த பாட்டுகளை மறுபடி ஒரே அறையில் வாசித்தார்கள் என்பது.

2013: திரும்பி வந்தது எப்போது

2013 மார்ச்சில் 'செகண்ட் கமிங்' என்று ஒரு வெளியீடு, நேப்பிள்ஸில் இருக்கும் ஃபிரான்டியர்ஸ் லேபிளில். 80-களின் பதினான்கு பாட்டை அப்படியே மறுபடி பதிவு செய்து, இரண்டு புதுசு சேர்த்தது. காரணம் பணமும் உரிமையும்: பழைய பதிவுகள் வேறு ஆள் கையில், அதனால் அதே பாட்டைத் தாங்களே வாசித்துத் தங்களுக்கென்று ஒரு பதிவு வைத்துக்கொள்வது. கணக்குக்காகச் செய்த வேலை என்று நிறையப் பேர் அலட்சியமாகத் தள்ளினார்கள்.

என் கணிப்பில், மொத்த மறுவருகையிலும் முக்கியமான வேலை அதுதான். முப்பது வருஷத்துக்கு முன் தானே வாசித்ததைச் சுரம் தவறாமல் மறுபடி வாசிக்க வேண்டுமென்றால், அன்று ஏன் அப்படி வாசித்தோம் என்று விரலுக்கு ஞாபகம் வந்தாக வேண்டும். குரலை எத்தனை அடுக்கு வைத்தோம், இரண்டாவது கிடார் எந்த இடத்தில் மேலே ஏறியது, எந்த இடத்தில் மௌனமாக இருந்தது என்று எண்ணிப் பார்த்தாக வேண்டும். பதினான்கு பாட்டை அப்படிச் செய்த குழு அடுத்த எட்டு மாதத்தில் புதுப் பாட்டு எழுதினால் அது எப்படி இருக்கும்?

நவம்பரில் வந்த 'நோ மோர் ஹெல் டு பே' அதற்குப் பதில். தலைப்பே 1986-ஐத் திரும்பிப் பார்க்கிறது. 1990-க்குப் பிறகு அசல் நால்வர் சேர்ந்து போட்ட முதல் புதுப்பாட்டு ஆல்பம், அதாவது இருபத்து மூன்று வருஷம். கிடார் இரண்டும் ச-வும் க-வுமாகக் கைகோக்கின்றன, குரல் அடுக்கு திரும்பியிருக்கிறது, கூவலும் திரும்பியிருக்கிறது. அதே நேரத்தில் எண்பதுகளின் மினுமினுப்பு இல்லை, சத்தம் கெட்டி. 'ரீபார்ன்' தேடிய கனம் இதில் இருக்கிறது, 'ரீபார்ன்' தொலைத்ததும் இருக்கிறது. இங்கிருந்து குழு நிற்கவில்லை: 2015, 2018, 2020, 2022, 2024 என்று இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முழு ஆல்பம், எல்லாம் இதே பாதையில். 2017-ல் பேஸிஸ்ட் மறுபடி குழுவில் இல்லாமல் ஆகி, ஃபயர்ஹவுஸ் குழுவில் இருந்தவர் வந்தார். அப்போதும் சத்தம் மாறவில்லை.

மறுபடி செய்தால் எதை மாற்றலாம்

முதலாவது, 2005-ன் பாட்டுகளைப் பாடகர் தன் பெயரிலேயே வெளியிட்டிருக்க வேண்டும். அந்தப் பாட்டுகள் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை, அவற்றின் மேல் ஒட்டிய பெயர்தான் அவற்றைக் கெடுத்தது. ஸ்ட்ரைப்பர் என்று எழுதியதைப் பார்த்து வாங்கியவர், பாட்டு எப்படி இருக்கிறது என்று கேட்காமல் இது ஸ்ட்ரைப்பரா இல்லையா என்றே கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அதற்கு எதிராகவும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்தப் பெயர் ஒட்டாமல் இருந்திருந்தால் 2005-ல் குழுவே கூடியிருக்குமா? ஏழு வாரப் பயணத்தோடு எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. இந்த இடத்தில் நான் தீர்ப்பு சொல்ல முடியாமல்தான் நிற்கிறேன்.

இரண்டாவது, வரிசை. மற்றவர் பாட்டு, பழைய பாட்டின் மறுபதிவு, அப்புறம் புதுப் பாட்டு என்று 2011-லும் 2013-லும் தற்செயலாக அமைந்த வரிசை 2003-லேயே அமைந்திருந்தால் எட்டு வருஷம் மிச்சம். பத்து வருஷம் ஒன்றாக வாசிக்காதவர்கள் நேராகப் புதுப் பாட்டுக்குப் போனால், யார் கையில் பாட்டு தயாராக இருக்கிறதோ அவருடைய ஆல்பமாகத்தான் அது முடியும். இங்கே அந்த ஆள் பாடகர். யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது சின்ன விஷயம், ஆனால் பணம் சம்பந்தப்பட்டது. பழைய பதிவுகளின் உரிமை தங்களிடம் இல்லை என்பது 2003 தொகுப்பு வந்தபோதே தெரிந்த விஷயம். மறுபதிவை அப்போதே யோசித்திருக்கலாம்.

மாற்றவே கூடாதது வரிகள். 2005-ல் எடுத்த முடிவுகளில் முழுச் சரியானது அது ஒன்றுதான், அதற்குப் பிறகு அதிலிருந்து அவர்கள் இறங்கவும் இல்லை. 2018 ஆல்பத்துக்கு 'காட் டாம் ஈவில்' என்று பெயர் வைத்தார்கள். ஆண்டவரே, தீமையைச் சபியும் என்கிற வேண்டுதல் அது. ஆனால் வேகமாகப் படித்தால் முதல் இரண்டு சொல்லும் அமெரிக்காவில் வசவு. வால்மார்ட் கடைகள் அலமாரியில் வைக்க மறுத்தன. 1986-ல் அட்டைப் படத்தை மாற்றிக் கொடுத்த குழு இந்த முறை பெயரை மாற்றவில்லை. அதே பெயரில்தான் ஆல்பம் வந்தது.